பழைய வண்டியில் பதறிப்போன நேரங்கள்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

என்னிடம் இருப்பது 350 சிசி, ஒற்றை சிலிண்டர், கியர் வலது காலில் இருக்கும் பழைய மோட்டார் சைக்கிள். நானே பிரித்து நானே பூட்டியது. கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து, டீகம்ப்ரஸரை (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேவிடும் லிவர்) இழுத்துப் பிஸ்டனை உச்சியிலிருந்து கொஞ்சம் தாண்ட வைத்து, லிவரை விட்டுவிட்டு ஒரே மிதி. அப்படி முதல் மிதியிலேயே அது பிடித்துக்கொள்ளும் காலைகளில் நாள் முழுக்க எனக்கு மனசு நிறைந்திருக்கும். இங்கே இருக்கும் பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆனால் நாம் கூடினால் பெயிண்ட், சைலன்சர் சத்தம், கிடைக்காத பாகம் எங்கே கிடைத்தது என்று இவற்றைத்தான் பேசுகிறோம். விழப்போய்த் தப்பித்த கதைகளை யாரும் சொல்வதில்லை. அதனால் என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வீட்டில் ஒரு புது வண்டியும் உண்டு. அதில் எல்லாரையும் போல இடது காலில் கியர், வலது காலில் பிரேக். ஒரு வாரம் முழுக்க அதையே ஓட்டிவிட்டு, விடுமுறை நாளில் பழையதை வெளியே எடுத்தேன். பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கார் சட்டென்று மூக்கை நீட்டியது. யோசிக்க நேரமில்லை, வலது காலை அழுத்தினேன். அழுத்தியது பிரேக் அல்ல, கியர் லிவர். என் வண்டியில் முதல் கியருக்கு மட்டும்தான் மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றும் கீழே. ஆக, நிறுத்த வேண்டிய நேரத்தில் நான் மூன்றிலிருந்து நாலுக்குப் போட்டிருக்கிறேன். இன்ஜின் இழுத்துப் பிடித்திருந்த கொஞ்சநஞ்ச வேகமும் தளர்ந்து, வண்டி வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. கையில் முன்பிரேக் இருந்ததால் பிழைத்தேன். நின்றபோது முன்சக்கரத்துக்கும் அந்தக் காரின் கதவுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். உள்ளே ஓட்டியவர் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கியிருந்தார்.

அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பெரும்பாலும் கியர் வலது பக்கம்தான். 1975 மாடலிலிருந்து தன் நாட்டில் விற்கும் வண்டிகளுக்கு இடது பக்கம்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட பிறகுதான் அவர்களும் மாற்ற வேண்டி வந்தது. இது எனக்கு அன்றைக்கு முன்பே தெரியும். தலைக்குத் தெரிந்திருந்ததே தவிர, காலுக்குத் தெரியவில்லை. இப்போது பழையதை எடுக்கும் ஒவ்வொரு முறையும், ஆளில்லாத இடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை வேகம் எடுத்து நிறுத்திப் பார்க்காமல் பெரிய சாலைக்குப் போவதில்லை. பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். கால் பழகும்வரை நான் பெரிய சாலைப் பக்கம் திரும்புவதில்லை.

இன்னொன்று, கூட்டமாகப் போனபோது நடந்தது. பத்துப் பேர், பாதி பழைய வண்டி, பாதி புதுசு. நீண்ட இறக்கம். எனக்கு முன்னால் போனவருடையது இரட்டை டிஸ்க், ஏபிஎஸ் உள்ள வண்டி. அவர் ஒவ்வொரு வளைவுக்கும் கடைசி நேரத்தில் பிடித்து, சட்டென்று வேகம் குறைத்தார். நானும் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு அதே மாதிரி பிடித்துக்கொண்டு போனேன். நாலைந்து வளைவு தாண்டியதும் முன்பிரேக் லிவர் முன்பை விடக் கைப்பிடிக்குக் கிட்டே வர ஆரம்பித்தது. அடுத்த வளைவில் இன்னும் கிட்டே. அப்புறம் தீய்ந்த வாசனை. அதற்கடுத்த வளைவில் லிவரைக் கைப்பிடியோடு சேர்த்து நசுக்கினேன், வண்டி கேட்கவே இல்லை. கியரை இரண்டுக்கு இறக்கி, வளைவின் வெளிப்பக்கம் இருந்த சரளைக்கல் ஓரத்தில் நேராக ஓட்டி எப்படியோ நிறுத்தினேன்.

என்னுடையது டிரம் பிரேக், சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம்மை உள்ளிருந்து ஷூ அழுத்தி நிறுத்தும். டிரம் சூடானால் விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகும், அதனால்தான் லிவர் அவ்வளவு தூரம் வந்தது. ஷூவின் மேலிருக்கும் லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். டிஸ்க்குக்குக் காற்று நேரடியாகப் படும், டிரம்முக்குள் சூடு பூட்டி வைத்தது மாதிரி நிற்கும். 1969-ல் ஹோண்டா சிபி 750 முன்சக்கரத்தில் டிஸ்க்கோடு வந்தபோது ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்று அந்த ஓரத்தில் உட்கார்ந்து, டிரம் ஆறுவதற்குக் காத்திருந்தபோது எனக்கு முழுசாகப் புரிந்தது.

இதனால் டிரம் பிரேக்கே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். சரியாகச் செட் செய்த டிரம் நன்றாகவே நிறுத்தும். ஷூ முழுப்பரப்பும் டிரம்மில் உட்கார வேண்டும். பிரேக் பிடிக்கும் நிலையில் டிரம்மின் லிவருக்கும் கேபிளுக்கும் இடையே கிட்டத்தட்ட 90 டிகிரி இருக்க வேண்டும், அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் பலம் போய்ச் சேராது. என்னுடையதில் தாண்டியிருந்தது. கேபிளை மட்டும் இறுக்கி இறுக்கி ஓட்டியதன் பலன். தேய்ந்த ஷூவை மாற்றியதும் பிரேக்கே வேறாகிவிட்டது.

இப்போது எங்கள் கூட்டத்தில் டிரம் வண்டிகள்தான் முன்னால் போகும். வேகத்தை அவர்கள் வைப்பார்கள், டிஸ்க் வண்டிகள் பின்னால் வரும். இறக்கம் தொடங்கும் முன்பே, மேட்டின் உச்சியிலேயே கியர் இறக்கிவிட வேண்டும். எதிரே வரும் பழைய வண்டிக்காரருக்குக் கை காட்டுவது எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு பழக்கமாகிவிட்டது இது.

*

அண்ணா, படித்ததும் என் கதையையும் எழுதத் தோன்றியது. என்னுடையது கஸ்டம். பழைய வண்டி ஒன்றின் பின்பக்கச் சேஸிஸை வெட்டி, ஒற்றை சீட் போட்டு, உயரமான ஹேண்டில்பார் மாட்டினேன். எட்டு மாத வேலை. வெல்டிங் தவிர எல்லாம் என் கையால்.

முதல் நாள் ஓட்டம் அருமை. நேர்ச்சாலையில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வரலாம் என்று சாலை நடுவில் யூ-டர்ன் போட்டேன். ஹேண்டிலை இடது பக்கம் முழுசாக ஒடித்ததும், நான் கையை முறுக்காமலே இன்ஜின் அலறியது. வண்டி என்னை இழுத்துக்கொண்டு எதிர் ஓரத்தை நோக்கிப் பாய்ந்தது. கிளட்சைப் பிடித்துவிட்டேன். பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஓரத்தில் இருந்த மின்கம்பத்தைப் பார்த்தால் தெரியும்.

காரணம் ரொம்பச் சின்னது. ஹேண்டிலை உயர்த்தியவன் ஆக்சிலரேட்டர் கேபிளைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டேன். நேராக இருக்கும்போது போதும். ஒடித்தால் இழுபடும், கார்புரேட்டர் திறந்துகொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்: வண்டியை ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். சத்தம் துளிகூட மாறக்கூடாது. அதே மாதிரி கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயர் எல்லாவற்றையும் இரண்டு கோடியிலும் கையால் தொட்டுப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அதன் பிறகு கஸ்டம் வண்டிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். லண்டனில் ஏஸ் கஃபே என்று ஒரு இடம், 1938-ல் தொடங்கியது. 1950-களிலும் 60-களிலும் கஃபே ரேசர் பையன்கள், அதாவது வண்டியைப் பந்தய வண்டி மாதிரி மாற்றி ஓட்டியவர்கள், கூடிய இடம், 1969-ல் மூடி 2001-ல் திரும்பத் திறந்தார்கள். அந்தப் பையன்கள் ஆசைப்பட்டுக் கட்டிய வண்டிதான் டிரைட்டன்: நார்ட்டனின் ஃபெதர்பெட் சேஸிஸ், அதில் டிரயம்ஃப் இன்ஜின். வளைவில் நன்றாக நிற்கும் சேஸிஸ் ஒன்றிடம் இருந்தது, நல்ல இன்ஜின் இன்னொன்றிடம் இருந்தது, இரண்டையும் சேர்த்தார்கள். இது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் உறைத்தது. நான் ஹேண்டிலை உயர்த்தியதற்குப் படத்தில் அழகாக இருந்ததைத் தவிர ஒரு காரணமும் இல்லை. அழகுக்காகச் செய்வது தப்பில்லை, இன்றும் அந்த ஹேண்டில்தான் இருக்கிறது. ஒன்றை மாற்றினால் அதோடு கூட எது எது மாறுகிறது என்று பார்க்காமல் விட்டதுதான் என் தப்பு.

*

என்னுடையது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வகை. நீள இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக மூடிவிட்டு கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கொஞ்சம் இறுகிய மாதிரி இருந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது, இன்ஜின் சீஸ், அதாவது உள்ளே பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே வைத்திருக்கும் பழக்கம் உண்டு, அது காப்பாற்றியது. கிளட்சைப் பிடித்ததும் சக்கரம் விடுபட்டு, உருண்டு ஓரம் சேர்ந்தேன். ஆக்சிலரேட்டரை மூடினால் பெட்ரோல் மட்டுமல்ல, அதோடு வரும் ஆயிலும் நின்றுவிடுகிறது. இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். மேலே அண்ணா சொன்ன கியர் இறக்கும் யோசனை ஃபோர் ஸ்ட்ரோக்குக்குச் சரி, எங்களுக்கு அது மட்டும் போதாது.

*

நான் எழுதப்போவது விபத்து இல்லை, ஒரு பெரியவரைச் சந்தித்தது.

பழைய வண்டிகள் கூடிய ஒரு இடத்துக்கு என் வண்டியோடு போயிருந்தேன். வண்டிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, பழைய பொருட்களில் தேடி வாங்கிய அரைத் தலைக்கவசம் போட்டிருந்தேன். உள்ளே தோல், காதருகே பட்டை, பார்க்க அவ்வளவு அழகு. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பக்கத்தில் வந்து, "ஒரு நிமிடம் கொடும்மா" என்று அதை வாங்கி, உள்ளே கட்டை விரலால் அழுத்தினார். நுரைப்பகுதி மாவு மாதிரி உதிர்ந்து அவர் விரலில் ஒட்டியது. ஒன்றும் சொல்லவில்லை, அந்த விரலை மட்டும் என்னிடம் காட்டினார்.

அப்புறம் உட்கார்ந்து பேசினோம். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ. லாரன்ஸ் இறந்தது எப்படி என்று அவர்தான் சொன்னார். 1935 மே மாதம், ப்ரஃப் சுப்பீரியர் எஸ்எஸ் 100 வண்டியில் போனவர், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் ஒடித்ததில் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். அதற்குப் பிறகு அவர் ராணுவத்தில் வண்டியில் செய்தி கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிரைக் காக்கிறது என்று 1941-ல் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் வண்டி ஓட்டும் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியதும் அதே வருடம்தான். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன், எல்லாம் அந்தப் பெரியவர் சொன்ன மாதிரியே இருந்தது.

அந்தப் பழைய கவசம் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ஓட்டும்போது போடுவது, பழைய வடிவத்திலேயே இன்றைய தரச்சான்றோடு வரும் முழுமுகக் கவசம். என் பெரியப்பா கொடுத்த தோல் ஜாக்கெட்டையும் அன்று அவர் சொன்னபடி சோதித்தேன். தோல் கெட்டியாகத்தான் இருந்தது, தோள்பட்டைத் தையல் மட்டும் இழுத்ததும் பிரிந்துவிட்டது. நூல் மக்கிப்போயிருந்தது. விழுந்து தேய்ந்தால் தையல்தான் முதலில் விடும், அதனால் முழுக்கத் திரும்பத் தைத்து வாங்கினேன்.

இன்னொரு விஷயம். பழைய 6 வோல்ட் விளக்குகளின் வெளிச்சத்தை நம்பிச் சாயங்காலத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். 1981-ல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. இன்னொரு வாகனம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனக்காரர் வண்டிக்கு வழிவிடாததால் நடந்தவை. நம்மைக் கவனிக்காமல் விட்டதுதான் அதில் பெரும்பாலும் காரணம். பகலில் கூட நான் வெளிர் நிற மேலங்கி போட்டுக்கொள்கிறேன். என் வண்டி கறுப்பு, அதற்கு அது பொருந்தவில்லை என்று தோழிகள் சொல்வார்கள். பரவாயில்லை.

*

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்ன ஹேண்டில் சோதனையை நேற்றே செய்தேன். வலது கோடியில் சத்தம் லேசாக ஏறியது! டேங்கைக் கழற்றிப் பார்த்தால், கேபிள் சேஸிஸுக்கும் டேங்குக்கும் நடுவில் சிக்கி நசுங்கியிருந்தது. போன மாதம் டேங்கை மாட்டியது நான்தான். டூ ஸ்ட்ரோக் நண்பர் சொன்னதும் சரி, நான் அதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

தங்கை எழுதிய ஜாக்கெட் விஷயத்தைப் படித்த கையோடு டயரையும் பார்த்தேன். பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்களைச் சேற்றைத் துடைத்துப் படித்தால் 0911. அதாவது 2011-ன் 9-ஆம் வாரம் செய்தது. வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடுவதால் பட்டன் ஒன்றும் தேயவில்லை, அதனாலேயே இத்தனை வருடம் என் கண்ணில் படவில்லை. நகத்தால் அழுத்தினால் பதியவே மாட்டேன் என்கிறது. பக்கவாட்டில் முடி போல வெடிப்பு.

டயர் இரண்டையும் சேர்த்தே மாற்றப் போகிறேன், அதுவரை வண்டி ஸ்டாண்டில்தான். முன்னால் நீளக்கோடு போட்ட பழைய மாதிரி டயர், வண்டிக்கு அதுதான் லட்சணம். ஆனால் ஈரச்சாலையில் அது எப்படிப் பிடிக்கும் என்று ஓட்டியவர்கள் யாராவது எழுதினால், அதைப் பார்த்துவிட்டுக் கடையில் சொல்லி வைக்கலாம் என்றிருக்கிறேன்.