பயோகேஸ் திட்டத்துக்கு அரசுப் பணம்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மூன்றாம்_வால்வு

வணக்கம். உணவுக் கழிவில் ஓடும் பயோகேஸ் கலனுக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டுக் கருவி செய்திருக்கிறோம். இன்று வரும் கழிவு மாதிரி நாளை வருவது இருக்காது, எண்ணெய் கொஞ்சம் கூடினாலே கலன் புளித்து வாயு நின்றுவிடும். அதை முன்கூட்டியே பிடித்து, உள்ளே போகும் கழிவைக் குறைப்பதுதான் கருவியின் வேலை. ஆய்வகத் தொட்டியில் நன்றாக ஓடுகிறது. அடுத்து, நிஜமான ஓர் இடத்தில் முழு அளவில் கட்டிக் காட்ட வேண்டும், அதற்குத்தான் பணம் இல்லை.

அரசு மானியம் என்று தேடினால் ஏகப்பட்ட திட்டங்களின் பெயர் வருகிறது, பாதி எப்போதோ முடிந்துபோனவை, மீதி யாருக்கானவை என்றே புரியவில்லை. குழுவில் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம், கம்பெனியை எங்கே பதிவு செய்வது என்றுகூட முடிவாகவில்லை, அதனால் பொதுவாகவே சொல்லுங்கள்.

ஏட்டுக்கணக்கு

திட்டத்தின் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, உங்கள் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நாசாவில் பிறந்த ஓர் அளவுகோல் உண்டு, தொழில்நுட்பத் தயார்நிலை, சுருக்கமாக டிஆர்எல், 1 முதல் 9 வரை. 1 என்றால் கையில் தத்துவம் மட்டும்தான், 9 என்றால் நிஜ வேலையில் ஓடி நிரூபணமானது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 4. தொட்டியில் போட்டது நிஜமான கழிவு என்றால் 5 என்று வாதாடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பின் விண்ணப்ப அழைப்புகள் பலவற்றில், வேலை எந்த டிஆர்எல்லில் முடிய வேண்டும் என்றே எழுதியிருக்கும். அதே திட்டத்தில் ஆய்வு வகைக்குச் செலவில் 100 சதவீதம் வரை தருவார்கள், சந்தைக்கு நெருங்கிய வகை என்றால் லாப நோக்குள்ள கம்பெனிக்கு 70 சதவீதம்தான். சந்தையை நெருங்க நெருங்க மானியம் சுருங்கும், அதன் இடத்தில் கடன், கடனுக்கு உத்தரவாதம், வரிச்சலுகை, மின்சாரத்துக்கு உறுதியான விலை என்று வேறு வேறு உருவில் பணம் வரும். பொதுவாக எந்த நாட்டிலும் போக்கு இதுதான். ஆகவே கூரை சோலாருக்கான மானியப் பக்கங்களை நீங்கள் படிக்கவே வேண்டாம், அது நிரூபணமான பொருளை வாங்குகிறவருக்கு. உங்களுக்கு வேண்டியது செயல்விளக்கத் திட்டங்களுக்கான பணம். ஆஸ்திரேலியாவில் அரேனா என்ற புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனம் 2012 முதல் இந்த இடைக்கட்டத்துக்கும் பணம் தருகிறது, ஐரோப்பாவில் தனி ஸ்டார்ட்அப்பே விண்ணப்பிக்கலாம் என்றால் ஐரோப்பியப் புத்தாக்கக் குழுவின் (ஈஐசி) ஆக்சிலரேட்டர் திட்டம், ஆனால் அதற்கு நீங்கள் இன்னும் ஒரு படி ஏற வேண்டும்.

மொட்டைமாடி

மேலே சொன்னது சரி. ஆனால் புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில், பணம் எப்போது கைக்கு வரும் என்பதில். அனுமதிக் கடிதம் வந்தவுடன் பணமும் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல திட்டங்களில் நீங்கள் முதலில் செலவழித்து, இன்வாய்ஸும் வங்கி ஆதாரமும் காட்டி, அப்புறம் திரும்ப வாங்க வேண்டும். இந்தியாவில் 2024இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தையே எடுங்கள், 3 கிலோவாட் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், ஆனால் பேனல் ஏறி, மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் அது வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கு வரும். பேனலும் உள்நாட்டில் செய்த செல்லில் ஆனதாக இருக்க வேண்டும், விலை குறைவு என்று இறக்குமதியை மாட்டினால் மானியம் போச்சு.

உங்கள் அளவில் இது இன்னும் பெரிய தலைவலி. 70 சதவீத மானியம் என்றால் மீதி 30 யாருடையது, அந்த 70 வரும்வரை சப்ளையருக்கு யார் கொடுப்பது, இந்த இரண்டுக்கும் விடை இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே தொடாதீர்கள். ஹொரைசன் மாதிரி சிலவற்றில் தொடக்கத்திலேயே முன்பணம் உண்டு, அதைத் தேடி முதலில் படியுங்கள்.

மூன்றாம்_வால்வு

நன்றி, இதை யாருமே சொல்லவில்லை. ஒரு சந்தேகம். கலன் செய்து தருகிறவர் நல்ல விலைக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், மாதக் கடைசிவரைதான் அந்த விலை. சின்னதாக ஒரு அட்வான்ஸ் கொடுத்து ஆர்டரை உறுதி செய்துவிட்டு அப்புறம் மானியத்துக்கு எழுதலாமா? இடமும் பார்த்து வைத்திருக்கிறோம்.

மொட்டைமாடி

வேண்டவே வேண்டாம்! ஐரோப்பிய அரசு உதவி விதிகளில் இதற்கு நேரடியாகவே தடை இருக்கிறது. மானியம் இல்லாமலே நீங்கள் செய்திருப்பீர்கள் என்றால் எதற்கு மானியம் என்பதுதான் அவர்கள் கேள்வி, அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தால் திட்டம் முழுவதுமே தகுதி இழக்கும். 'தொடங்குவது' என்றால் மண் தோண்டுவது மட்டும் இல்லை, திரும்பப் பெற முடியாதபடி முதல் கருவிக்கு ஆர்டர் கொடுத்தாலே தொடங்கியதாகக் கணக்கு. இடம் வாங்குவது, அனுமதிகள் வாங்குவது, சாத்தியக்கூறு ஆய்வு செய்வது இவை அதில் சேராது, தாராளமாகச் செய்யலாம். மற்ற நாடுகளிலும் அனுமதிக்கு முந்தைய செலவைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். கொட்டேஷனை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று பேரிடம் வாங்கினால் இன்னும் நல்லது, பின்னால் எப்படியும் கேட்பார்கள்.

காற்றுவாக்கில்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மானியத்தையே நம்பிக் கம்பெனி நடத்தாதீர்கள். அரசாங்கம் மனசு மாறும். ஸ்பெயின் 2007இல் சோலார் மின்சாரத்துக்குத் தாராளமான விலை அறிவித்தது, எல்லோரும் விழுந்தடித்துக் கட்டினார்கள், 2010க்குப் பிறகு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆலைகளுக்கே வெட்டு விழுந்தது. அமெரிக்காவில் 2022 சட்டம் தூய்மையான எரிசக்திக்கு நீண்ட காலத்துக்கு என்று கொடுத்த வரிச்சலுகைகளில் பலவற்றை 2025 ஜூலையில் வந்த சட்டம் சுருக்கிவிட்டது, வீட்டுச் சோலாருக்கான 30 சதவீத வரிச்சலுகை அந்த ஆண்டு டிசம்பரோடு முடிந்தது. ஜெர்மனி 2000இல் கொண்டுவந்த சட்டத்தில் ஒவ்வொரு ஆலைக்கும் 20 ஆண்டு நிலையான விலை என்று எழுதிக் கொடுத்தார்களே, அந்த மாதிரிக் கையெழுத்தான உறுதிக்கும், இந்த ஆண்டு பட்ஜெட்டில் இருக்கும் ஒரு வாக்கியத்துக்கும் நிறைய வித்தியாசம்.

கடனையும் ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கடன் திட்டத்தில்தான் டெஸ்லா 2010இல் 465 மில்லியன் டாலர் வாங்கி 2013இலேயே கட்டி முடித்தது. அதே துறை 535 மில்லியனுக்கு உத்தரவாதம் கொடுத்த சோலார் பேனல் கம்பெனி சோலிண்ட்ரா 2011இல் திவாலானது, அதுவும் உண்மைதான். ஆனால் கழிவுக்குக் கட்டணம், வாயுக்கு விலை, உரத்துக்கு விலை என்று மூன்று வழியில் வருமானம் வரக்கூடிய திட்டம் உங்களுடையது, அதைக் கணக்காகக் காட்டினால் கடன் கொடுக்க ஆள் உண்டு.

ஏட்டுக்கணக்கு

டிஆர்எல் 4இல் இருக்கும் நாலு பேர் குழுவுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும் நண்பா? முதல் ஆலை ஓடிய பிறகு நீங்கள் சொல்வது அத்தனையும் பொருந்தும். அதுவரை அடமானம் வைக்க அவர்களிடம் கட்டுப்பாட்டுப் பலகையைத் தவிர என்ன இருக்கிறது?

வால்வு, உங்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, அறிவிப்புகளைப் படிப்பதைவிட ஏற்கெனவே யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் பணம் தந்த ஆய்வுத் திட்டங்கள் கோர்டிஸ் என்ற அவர்களுடைய தளத்தில் சுருக்கம், தொகை, பங்காளிகள் பெயரோடு கிடக்கும், அமெரிக்கா என்றால் அரசுச் செலவுகளைப் போட்டிருக்கும் யுஎஸ்ஏ ஸ்பெண்டிங் தளம். பயோகேஸ் என்று தேடி நான்கைந்தைப் படித்தால் போதும், எந்த மாதிரி ஆட்களுக்குப் பணம் போகிறது என்பது தெரிந்துவிடும். பல இடங்களில் விண்ணப்பித்தவர் கருவி செய்தவராக இருக்க மாட்டார், நகராட்சியோ பல்கலைக்கழகமோ இருக்கும், கருவிக்காரர் பங்காளியாக உள்ளே வருவார். கழிவை அள்ளும் பொறுப்பே நகராட்சியுடையது, இடமும் அவர்களுடையது, 30 சதவீதச் சிக்கலும் அங்கே தீரலாம்.

இரண்டாவது, எழுதும்போது உங்கள் கருவியின் பெருமையை முதல் பக்கத்தில் பாடாதீர்கள். மதிப்பெண் எதற்கு என்று அழைப்பிலேயே போட்டிருப்பார்கள், அந்த வரிசையில், அதே தலைப்புகளில் பதில் எழுதுங்கள். படிக்கிறவர் கையில் மதிப்பெண் தாள் இருக்கும், தேட வைத்தால் பூஜ்யம் போட்டுவிட்டுப் போவார். இருபது பக்கம் என்றால் இருபத்தோராம் பக்கத்தை யாரும் திறக்க மாட்டார்கள்.

மூன்றாம்_வால்வு

அட்வான்ஸ் கொடுக்கவில்லை, விலை போனால் போகட்டும். குழுவில் ஒருவர் இருக்கும் ஊரில் நகராட்சிக் கழிவு நிலையத்தில் தெரிந்த பொறியாளர் இருக்கிறாராம், முதலில் அவரிடம் பேசச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிப் பதிவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா, அல்லது நகராட்சியோடு பேசப் போகும்போதே பதிவு எண் கேட்பார்களா?

மொட்டைமாடி

பேசுவதற்குக் கேட்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது கேட்பார்கள். ஆனால் அரசு போர்ட்டல்களில் பதிவு எண் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆவது உண்டு, அமெரிக்காவில் சாம் என்ற அரசுத் தளத்தில் பதிவு முடியாமல் விண்ணப்பிக்கவே முடியாது. நாடு முடிவானதும் அதே வாரத்தில் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள், கெடு நாள் நெருங்கும்போது போர்ட்டலில் கடவுச்சொல் மறந்து உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.