பெருங்குற்றமா, கொடுங்குற்றமா? பதவித்தடைக்கு ஒரு சொல்

> அமெரிக்காவில் ஃபெலனி வழக்கில் குற்றவாளியானவர் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்னும் விதியைக் 'கொடுங்குற்றத் தண்டனைத் தகுதிநீக்கம்' எனலாமா?

வணக்கம் ஐயா,

மூன்று துண்டுகளிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

கொலையும் ஃபெலனிதான், வரி ஏய்ப்பும் ஃபெலனிதான். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத் தக்கதா என்பதே அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் அளவுகோல். கொடுமை அதில் கணக்கில்லை. 'பெருங்குற்றம்' போதும். அதைவிட இலேசான குற்றமான மிஸ்டிமீனருக்குச் 'சிறுகுற்றம்' ஜோடியாக அமைந்துவிடும்.

இடறுவது 'தண்டனை'யில்தான். குற்றவாளி என்று தீர்ப்பாவதையும் தண்டனை பெறுவதையும் நாம் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். டிரம்ப் வழக்கைப் பாருங்கள். 2024 மே மாதம் நியூயார்க்கில் நடுவர் குழு 34 பெருங்குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்றது. 2025 ஜனவரியில் நீதிபதி சிறையோ அபராதமோ இல்லாமல் விட்டுவிட்டார். குற்றத்தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. 'தண்டனை பெற்றவர்' என்றெழுதினால் இவர் அதில் அடங்குவாரா, மாட்டாரா? எனவே 'குற்றத்தீர்ப்பு'.

'தகுதிநீக்கம்' என்றதும் நாற்காலியில் இருப்பவரை இறக்குவதுதான் நினைவுக்கு வருகிறது. இது வாசலிலேயே மறிப்பது. என் பரிந்துரை: பெருங்குற்றத்தீர்ப்புப் பதவித்தடை.

---

அம்மா, சொல் சரி, ஆனால் மூச்சு வாங்குகிறது! தலைப்பில் 'பெருங்குற்றப் பதவித்தடை' என்று சுருக்கி, வரையறையில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம்.

அந்த வரையறையில் இன்னொன்றும் வேண்டும்: தடை எல்லாப் பதவிக்கும் கிடையாது. அதிபராக 35 வயது, பிறப்புவழிக் குடியுரிமை, 14 ஆண்டு வசிப்பு இருந்தால் போதும். 1920இல் சோஷலிசக் கட்சியின் யூஜின் டெப்ஸ் அட்லாண்டா சிறைக்குள் இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். நாடாளுமன்ற உறுப்பினருக்கு மாநிலங்கள் தாமாகக் கூடுதல் தகுதி விதிக்கக் கூடாதென்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இந்தத் தடை பெரும்பாலும் மாநில, உள்ளூர்ப் பதவிகளோடு நிற்கிறது. நாம் 'அரசுப் பதவி' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வாசிப்பவர் அதிபரையும் சேர்த்துக்கொள்வார்.

---

ஏற்கிறேன் ஐயா. 'தடை'க்கு இன்னொரு வசதி இப்போதுதான் தோன்றியது. டெக்சாஸில் மன்னிப்பு கிடைத்தவர் மீண்டும் போட்டியிடலாம். பழைய சொல்லை வைத்திருந்தால் அதைத் 'தகுதிநீக்க நீக்கம்' என்று எழுத வேண்டியிருக்கும். இப்போது 'தடைநீக்கம்', அவ்வளவுதான்.