ஸ்கேன் செய்யும்போது காணாமல் போகும் பனிமூட்டம்: நீர்வர்ணப் படங்களை எப்படிப் பிரதியெடுப்பது?

கேட்டவர்: பீலிக்கரை (தலவாக்கலை)

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் இருந்துகொண்டு ஆறு ஆண்டுகளாக நீர்வர்ணத்திலும் கறுப்பு மையிலும் படம் வரைந்து வருகிறேன். லயத்து இஸ்தோப்பு (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டின் முன்திண்ணை), மலையேறும் கொழுந்துக் கூடைகள், மாசி மாதத்தில் காமன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து என்று பிறந்தது முதல் பார்த்தவற்றையே வரைகிறேன். இவற்றுள் நாற்பது படங்களைத் தெரிவுசெய்து சிறு நூலாக அச்சிடும் ஆசையில், மிச்சம் பிடித்த பணத்தில் ஏ4 அளவிலான ஒரு மெல்லிய ஸ்கேனரை வாங்கினேன். படத்தை வரைவதற்குப் பட்ட பாட்டைவிட அதைக் கணினிக்குள் கொண்டுசேர்க்கப் படுகிற பாடு பெரிதாக இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பனிமூட்டத்தை வரைவது என்பது பாதிக்கு மேல் வரையாமல் விடுவதுதான். கடதாசியின் வெண்மையை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சாம்பல் நீலத்தை ஈரத்தோடு ஓடவிட்டால், மலை எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத அந்த நிலை வரும். ஒரு படத்தில் அது சரியாக அமைவதற்குள் நான்கு கடதாசிகள் வீணாகிவிடுகின்றன. அப்படி அமைந்த படத்தை ஸ்கேன் செய்து பார்த்தால், பனி இருந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெறும் வெள்ளையாக இருக்கிறது; மலையோ கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறது. நகரத்தில் பிரதியெடுத்துக் கொடுக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் "இன்னும் வெளிச்சமாக்கித் தருகிறோம்" என்று சொல்லி, மிச்சமிருந்த பனியையும் துடைத்துவிட்டார்கள்.

இன்னும் மூன்று குறைகள் உள்ளன. கடதாசி அலைபோல வளைந்திருக்கும் இடங்களில் கோடுகள் மங்கலாகின்றன (நான் பாவிப்பது 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீற்றருக்கு 200 கிராம் எடையுள்ள கடதாசி). ஏ3 படங்களை இரண்டு துண்டுகளாக ஸ்கேன் செய்து ஒட்டினால் ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி கறுத்தும் இருக்கிறது. கூத்தில் ரதி அணியும் முடிக்கு, அதாவது கிரீடத்துக்குப் பூசிய தங்க வர்ணம் சேற்று நிறமாகிவிடுகிறது. ஸ்கேனரை மாற்ற வேண்டுமா, என்னை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

---

பதில் 1: பழைய அச்சுக்காரன் (கண்டி)

தம்பி, உங்கள் ஸ்கேனர் பழுதாகவில்லை. கடிதங்களையும் அடையாள அட்டைகளையும் தெளிவாகப் பிரதியெடுத்துக் கொடுப்பதற்கு ஏற்றபடி அதன் மென்பொருளை அமைத்திருக்கிறார்கள். அது உங்கள் படத்தையும் ஒரு கடிதமாகவே பார்க்கிறது. தாளின் மிக வெளிறிய பகுதி எதுவோ அதை வெற்றுத்தாள் என்று தானாகவே முடிவுசெய்து, தூய வெள்ளைக்கு உயர்த்திவிடுகிறது. ஒளியின் அளவு 0 முதல் 255 வரை எண்ணப்படுகிறது. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. உங்கள் கடதாசி 245 ஆகவும் பனியின் சாம்பல் 235 ஆகவும் பதிவாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கித் திருத்தம் 235ஐயே வெள்ளை என்று பிடித்துக்கொண்டால் அதற்கு மேலே உள்ள அனைத்தும் 255 ஆகிவிடும். அப்படிச் சேமித்த கோப்பில் கடதாசிக்கும் பனிக்கும் வித்தியாசமே இருக்காது என்பதால், பின்னர் எந்த மென்பொருளைக் கொண்டும் அதை மீட்க முடியாது.

எனவே ஸ்கேன் செய்வதற்கு முன்பே தொழில்முறைப் பயன்முறைக்குச் சென்று, தானியங்கி ஒளியளவு, கூர்மையாக்கல், தூசு நீக்கம், எழுத்துத் தெளிவாக்கல் என்று எவையெல்லாம் இருக்கின்றனவோ அவை அனைத்தையும் நிறுத்திவிடுங்கள். வெள்ளைப் புள்ளியை 255இலும் கறுப்புப் புள்ளியை 0இலும் கைகளால் வைத்து, 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்து, விவரம் குறையாமல் காக்கும் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு ஏ4 படம் 24 பிட் நிறத்தில் ஏறக்குறைய 104 மெகாபைட் வரும். 48 பிட் இருந்தால் அதைப்போல இரு மடங்கு. இடம் போகிறதே என்று அஞ்சி ஜேபெக்கில் சேமித்தால், மெல்லிய நிறச் சாயல்கள்தான் முதலில் கெடும். அப்படி எடுத்த படம் முதல் பார்வைக்கு மழைநாள்போல மங்கலாகத் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும். மூலப்படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிம்ப் அல்லது கிரிட்டா மென்பொருளில் ஒளியளவை மாற்றும் வளைகோட்டை (கர்வ்ஸ்) சிறிது சிறிதாக நகர்த்தித் திருத்துங்கள். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை.

ஏ3 துண்டுகள் பொருந்தாததற்கும் இதே தானியங்கிதான் காரணம். ஒவ்வொரு துண்டுக்கும் அது தனித்தனியாக வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. அதை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும். ஏ3இன் நீளம் 420 மில்லிமீற்றர். உங்கள் ஸ்கேனர் கண்ணாடியின் அகலம் பெரும்பாலும் 216 மில்லிமீற்றர். இரண்டு துண்டாக எடுத்தால் பொதுவாகக் கிடைக்கும் பகுதி 12 மில்லிமீற்றர் மட்டுமே. மூன்றாக எடுங்கள். ஒட்டுவதற்கு ஹியூஜின் என்ற இலவச மென்பொருள் போதும்.

மங்கலாவதற்குக் காரணம் வேறு. மெல்லிய ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் என்ற உணரி. கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் பொருளை மட்டுமே அது கூர்மையாகப் பார்க்கும். ஒரு மில்லிமீற்றர் எழும்பினாலும் மங்கிவிடும். வில்லையும் கண்ணாடிகளும் கொண்ட சிசிடி வகை, எப்சன் வி600 போன்றவை, சில மில்லிமீற்றர் உயரத்தையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதன் விலை வேறு, எடையும் வேறு. கடதாசியைத் தட்டையாக்குவது அதைவிட மலிவு.

---

பதில் 2: சித்திர டீச்சர் (பண்டாரவளை)

அச்சுக்கார ஐயா இறுதியில் சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். தம்பியின் தொல்லை ஸ்கேனரில் தொடங்கவில்லை, கடதாசியில் தொடங்குகிறது. 200 ஜிஎஸ்எம் கடதாசியில் நிறைய ஈரம் வைத்துப் பனி வரைந்தால் அது வளையாமல் என்ன செய்யும்? 300 ஜிஎஸ்எம் கடதாசியை வாங்குங்கள். விலை காரணமாக முடியாவிட்டால் இழுத்து ஒட்டிப் பழகுங்கள். கடதாசியைச் சில நிமிடங்கள் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, வழியும் நீரை வடித்து, ஒட்டுப்பலகையில் விரித்து, நான்கு ஓரங்களையும் பசை தடவிய பழுப்புக் கடதாசி நாடாவால் ஒட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் நாடா ஈரத்தில் பிடிக்காது. காய்ந்ததும் மேளத்தோல்போல விறைத்து நிற்கும். அதன்மேல் எவ்வளவு ஈரம் வைத்தாலும் மீண்டும் காயும்போது தட்டையாகிவிடும். ஊரில் இதற்கு ஒரு இரவு போதும் என்பார்கள். தலவாக்கலையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது மே முதல் செப்ரெம்பர் வரை, இரண்டு நாள் எடுக்கும். அவசரப்பட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து நாடாவைப் பிய்த்துவிடும். நானே இரண்டு முறை பிய்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே வரைந்தவற்றுக்கும் வழி உண்டு. படத்தின் பின்பக்கத்தில் மட்டும் ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றி, மேலும் கீழும் ஒற்றுத்தாள் வைத்து, பலகையும் கனமான புத்தகங்களும் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். மை நீரில் கரையாதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைச் செய்யலாம்.

மலைநாட்டில் வரைகிற எவருக்கும் சொல்ல வேண்டிய ஒன்றை யாரும் சொல்வதில்லை. நல்ல நீர்வர்ணக் கடதாசியில் ஜெலற்றின் போன்ற ஒரு பசை ஊறியிருக்கும். அதுதான் வர்ணத்தை உடனே உறிஞ்சவிடாமல் மேலே நிறுத்திவைக்கிறது. மாதக்கணக்கில் ஈரக் காற்றில் கிடந்தால் அந்தப் பசை கெட்டுப்போகும், பூஞ்சணமும் அதைத் தின்னும். கடதாசி பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். தூரிகை பட்டவுடன் ஒற்றுத்தாள்போல இங்குமங்கும் புள்ளி புள்ளியாக உறிஞ்சும். உங்களுக்கு நான்கு கடதாசி வீணாவதில் இரண்டேனும் இதனால் இருக்கலாம். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். தொழிற்சாலைகளில் தேயிலை அடைக்கும் கடதாசிச் சாக்கு கிடைத்தால் அதற்கு இணையான உறை இல்லை. ஈரம் புகாதிருக்க அதன் உட்புறம் அலுமினியத்தாள் ஒட்டியிருக்கும். தேயிலையையே காக்கிற சாக்கு உங்கள் கடதாசியைக் காக்காதா? உள்ளே சிலிக்கா ஜெல் பொதிகளைப் போட்டு வாயை மடித்துக் கட்டிவிடுங்கள். என் கடதாசிகளெல்லாம் பத்து ஆண்டுகளாகத் தேயிலை வாசத்தோடுதான் இருக்கின்றன.

---

பதில் 3: நேர்கோடு (ஹட்டன்)

இத்தனை பாடு எதற்கு? ஒரு வரைபலகையை வாங்கிக் கணினியிலேயே வரைந்தால் ஸ்கேனரும் வேண்டாம், சிலிக்கா ஜெல்லும் வேண்டாம். நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் மாறிவிட்டேன், வருத்தமில்லை.

---

பதில் 4: ஹப்புத்தளைக் காற்று

நேர்கோடு அண்ணா சொல்வது அவருக்குப் பொருந்தும். ஆனால் கேட்டவர் கேட்டது வரைந்து முடித்த நாற்பது படங்களைப் பற்றி.

நான் ஸ்கேனரைக் கைவிட்டு கமராவுக்கு மாறியவன் என்பதால் தங்க வர்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தங்க வர்ணத்தில் இருப்பவை மினுங்கும் நுண்ணிய துகள்கள்; அவை கண்ணாடிபோலச் செயற்படும். ஸ்கேனரின் விளக்கு சாய்வாக ஒளியை வீசுகிறது, உணரியோ நேராகப் பார்க்கிறது. மினுங்கும் ஒளி வேறு திசையில் தப்பிவிடுவதால் துகள்கள் இருண்டு தெரிகின்றன. சொரசொரப்பான கடதாசியின் மேடுபள்ளங்கள் நிழல் விழுந்து தெரிவதற்கும் அந்தச் சாய்ந்த விளக்கே காரணம். அதற்கு ஒரு தந்திரம் உண்டு: படத்தை ஒருமுறை நேராகவும் மறுமுறை தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டாவதை நிமிர்த்தி முதலாவதன் மேல் 50 சதவீத ஒளிபுகுதன்மையில் வைத்தால், எதிரெதிர் நிழல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

தங்கத்துக்குக் கமராதான் வழி. முகில் மூடிய நாளில், காலை பத்து மணிக்குப் பின், இஸ்தோப்புச் சுவரில் படத்தை நிமிர்த்தி மாட்டுங்கள். முன்னால் தேயிலைச் செடிகள் நெருங்கி இருக்கக் கூடாது. அவற்றின் பச்சை வெளிச்சம் வெள்ளைக் கடதாசியில் ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கமரா படத்துக்குச் சரியாக நேரே நிற்கிறதா என்று அறிய, படத்தின் நடுவில் ஒரு சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாக வைத்து, கமராவின் வழியே பாருங்கள். கண்ணாடியின் நடுவில் கமராவின் வில்லை தெரிந்தால் நேராக இருக்கிறது. கைத்தொலைபேசி என்றால் கிட்டப் போகாமல், சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுங்கள். கிட்டப்போனால் படத்தின் ஓரங்கள் வளையும். பிறகு பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்து, தங்கம் மினுங்கும் கோணத்தில் இன்னொரு படம் எடுத்து, அதிலிருந்து முடியை மட்டும் வெட்டி ஸ்கேன் செய்த படத்தின்மேல் பொருத்திவிடலாம்.

---

பீலிக்கரை (மூன்று வாரங்களுக்குப் பின்)

எல்லோருக்கும் நன்றி. தானியங்கிகளை நிறுத்தியபின் பனி கிடைத்துவிட்டது. முதல் படம் திரையில் வந்தபோது என் அம்மா பின்னால் நின்று "இதுதான் மேமலை" என்றார். அந்த மலையின் பெயரை நான் அவரிடம் சொல்லவில்லை. பதினேழு படங்களை ஒற்றுத்தாளில் அழுத்தித் தட்டையாக்கினேன். ஒன்றில் மை கரைந்துவிட்டது. டீச்சர் எச்சரித்திருந்தார், தவறு என்னுடையது.

இப்போது வேறொரு தொல்லை. திரையில் தெரிகிற பனி, மாதிரிப் பிரதி அடித்துப் பார்த்தால் பாதிதான் வருகிறது. மிக மெல்லிய சாயல்கள் தாளில் விழவே இல்லை. இதற்கும் ஏதேனும் தானியங்கிதான் காரணமா, ஐயா?

---

பழைய அச்சுக்காரன்

இல்லை தம்பி, இது மையின் எல்லை. அச்சில் சாம்பல் நிறம் என்பது சிறுசிறு புள்ளிகள். ஒரு சதுரத்தில் எத்தனை சதவீதம் புள்ளியால் மூடப்படுகிறது என்பதே அதன் அடர்த்தி. 2, 3 சதவீதத்துக்குக் குறைந்த புள்ளிகளை ஓப்செற் அச்சுத் தகடு நிலையாகப் பிடிக்காது. ஆகவே அச்சுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும், பனியின் மிக மெல்லிய பகுதியும் 5 சதவீதமாவது இருக்கும்படி வளைகோட்டின் மேல்நுனியைச் சற்றுக் கீழே இறக்குங்கள்; திரையில் அது 242 அளவில் இருக்கும். பனி தொடங்கும் ஓரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் கோடு விழும். மூல டிஃப் கோப்பில் கை வைக்க வேண்டாம்.

ரதியின் முடியைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான்கு வர்ண அச்சில் தங்கம் கிடையாது. மஞ்சளும் பழுப்புமாகத்தான் வரும். உண்மையான மினுக்கம் வேண்டுமானால் உலோக மையில் ஐந்தாவது தகடு போட வேண்டும், செலவு ஏறும். காமன் கூத்துப் படங்கள் எத்தனை?

---

பீலிக்கரை

ஆறு, ஐயா. ஆறும் ஒரே அச்சுத்தாளில் அடங்கும்படி பக்கங்களை மாற்றி அடுக்கினால், அந்த ஒரு தாளுக்கு மட்டும் ஐந்தாவது தகடு போட முடியுமா என்று அச்சகத்தில் விசாரிக்கிறேன். இந்தச் சனிக்கிழமை முகில் மூடியிருந்தால் முடிகளைப் படம் எடுத்துவிடுவேன். முகம்பார்க்கும் கண்ணாடியை அம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.