'புட்' என்ற சின்ன வினைச்சொல்: உங்களைத் தடுமாற வைத்தது எப்போது?

பதினான்கு வருடம் எங்களோடு இருந்த நாய். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. மேசைமேல் படுக்க வைத்திருந்தோம். ஆங்கிலம் மட்டுமே பேசும் மருத்துவர் தணிந்த குரலில், "ஐ திங்க் வி ஷுட் புட் ஹிம் டவுன்" என்றார். நான் அவனை இரண்டு கையாலும் தூக்கி மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டேன்.

மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்புறம்தான், ஒரு ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்று வேறு சொற்களில் விளக்கினார்.

புட் என்றால் வை, டவுன் என்றால் கீழே. இரண்டுமே எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். தெரியாத சொல் வந்தால் அர்த்தம் கேட்டிருப்பேன். தெரிந்த சொல்லாக இருந்ததால் கேட்கத் தோன்றவே இல்லை. ஒருவரைப் பலர் முன்னால் மட்டம் தட்டினாலும், பெயரைக் குறித்துக்கொண்டாலும் இதே புட் டவுன்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

எனக்கு நேர்ந்தது வேறு. உடன் வேலை செய்பவரின் மகன் இரண்டு வாரம் என் வீட்டில் தங்கினான். தங்கமான பையன். அவன் அம்மாவிடம் போனில், "ஐ புட் அப் வித் யுவர் சன்" என்றேன். தங்க இடம் கொடுத்தேன் என்று சொன்னதாக என் நினைப்பு. 'உங்கள் மகனைச் சகித்துக்கொண்டேன்' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுமுனையில் பேச்சே இல்லை. 'புட் ஹிம் அப்' என்றிருக்க வேண்டும். மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

*

நான் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இந்தப் பாடத்தை நம்முடைய 'போடு'வில்தான் ஆரம்பிப்பேன். சட்டை போடு, சண்டை போடு, கணக்குப் போடு, குட்டித் தூக்கம் போடு. எதையாவது கீழே போடுகிறோமா? புட்டும் அப்படித்தான், பக்கத்தில் நிற்கும் சொல்தான் அதற்குப் பொருள் தருகிறது. சில இடங்களில் இரண்டும் அழகாகப் பொருந்தும்: புட் ஆஃப், தள்ளிப்போடு. அதை அப்படியே நம்பி, "தி ஸ்மெல் புட் மி ஆஃப்" என்பதை 'வாடை என்னைத் தள்ளிப்போட்டது' என்று ஒரு மாணவி எழுதினாள். முகம் சுளிக்க வைத்தது என்பதுதான் அங்கே பொருள்.

அதனால் இப்போதெல்லாம் 'புட்' என்று தனியாக எழுதிப் பொருள் எழுத விடுவதில்லை. முழு வாக்கியமாக எழுதச் சொல்கிறேன். முதல் பதிவில் உள்ள வாக்கியத்தையும், நீங்கள் அனுமதித்தால், என் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.