ரெண்டு உதவி வேணும், வடசென்னை மக்களே

வணக்கம். நான் தண்டையார்பேட்டை, வயசு 64. 2020 லாக்டவுன்ல அக்கா பொண்ணு ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேத்துவுட்டா, பழைய பாட்டு பாடி வாய்ஸ் அனுப்புற குரூப், எல்லாம் நம்ம வயசுக்காரங்க, வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் பேச்சுத்துணையே இல்லாம இருந்தேன், இப்ப ராத்திரி ஒன்பது மணியானா எனக்காக காத்திருக்க ஆளு இருக்கு. காய்ச்சல்ல படுத்து பாடலன்னா "இன்னாச்சுக்கா"ன்னு போன் மேல போன் வரும். முகமே பாக்காதவங்க, ஆனா எனக்கு கூடப்பொறந்தவங்க மாதிரி.

விஷயத்துக்கு வரேன். எங்க குரூப்ல ராயபுரம் அக்கா ஒருத்தங்களுக்கு க்ளாக்கோமாவால பார்வை மங்கிட்டே வருது, மெசேஜ் படிக்க முடியாம மெல்ல ஒதுங்கிப் போறாங்க, அது எங்களுக்கு தாங்கல. ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டிக்குள்ள டாக்பேக்னு ஒண்ணு இருக்கு, ஸ்கிரீன்ல இருக்கறத தமிழ்லயே படிச்சு சொல்லும். ஆனா அத ஆன் பண்ணா ஒரு தடவ தொட்டா பேர மட்டும் சொல்லும், ரெண்டு தட்டு தட்டினாதான் தொறக்கும், இதுலயே அக்கா பயந்துட்டாங்க. நேர்ல வந்து பொறுமையா சொல்லித்தர்ற பொண்ணுங்க யாராவது இருக்கீங்களாம்மா?

அப்புறம் நாங்க எல்லாரும் மொத தடவையா நேர்ல பாக்கணும். திருவொற்றியூர்லேர்ந்து பெரம்பூர் வரைக்கும் ஆளு இருக்கு, பாதிப்பேருக்கு முட்டிவலி, அதனால மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல, மாடி ஏறாம, நல்ல பாத்ரூமோட, நாலு பாட்டு பாடினா யாரும் வெரட்டாத எடமா சொல்லுங்க. வாடகை கொஞ்சம்னா நாங்களே போட்டுக்குறோம்.