அறைத்தோழருடன் மனக்கசப்பா? தொட்டியில் கிடக்கும் வாணலியிலிருந்து தொடங்குவோம்

படிப்பதற்காக வெளிநாடு வந்த முதல் ஆண்டில், பாடத்தையும் பணத்தையும்விட என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது ஒரு வாணலிதான். நால்வர் சேர்ந்து எடுத்த வீடு அது. ஒரு தோழர் சமைத்து முடித்ததும் வாணலியில் தண்ணீரை ஊற்றிப் பாத்திரத் தொட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் பார்த்தால் மேலே எண்ணெய் ஏடு கட்டி, அடியில் கிடக்கும் கரண்டிகூடத் தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கியிருக்கும். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் அதை நானே தேய்த்துக் கழுவினேன். பிறகு, தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு மணிக்கு, வீட்டு வாட்ஸ்அப் குழுவில் என் ஆத்திரம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன். மறுநாள் காலை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நேரம் கிடைக்கும்போது கழுவலாம் என்றுதான் வைப்பேன். வந்து பார்த்தால் நீ கழுவி வைத்திருப்பாய். உனக்கு வருத்தம் என்று ஒருநாளாவது சொன்னாயா?"

அதோடு அவர் நிறுத்தவில்லை. வாரந்தோறும் குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடுவது யார், குளியலறை வடிகாலில் சிக்கும் முடியை எடுப்பது யார் என்று கேட்டார். இரண்டையும் அவர்தான் செய்துவந்தார். நான் கவனித்ததே இல்லை. இது என் ஒருவனுடைய குறை அன்று என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவனையும் மனைவியையும் தனித்தனியே அழைத்து, வீட்டுப் பொறுப்புகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான இணையரின் பதில்களைக் கூட்டியபோது, தொகை முழுப் பங்கையும் தாண்டிப் போனது. தான் செய்த வேலை எளிதில் நினைவுக்கு வருகிறது, மற்றவர் செய்தது வருவதில்லை என்பது அவர்கள் தந்த முக்கிய விளக்கம். ஆகவே புகாரோடு போவதற்கு முன், "நான் கவனிக்காமல் நீங்கள் செய்துவரும் வேலைகள் என்னென்ன?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தணிந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் நம் மொழிப் பழக்கத்தில் இருக்கிறது. "பரவாயில்லை" என்று நாம் சொன்னால், எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் இந்த முறை விட்டுவிடுகிறேன் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கும். கேட்பவர் தமிழரானால் நம் முகத்தைப் பார்த்தே அதைப் புரிந்துகொள்வார். அதையே ஆங்கிலத்தில் "இட்ஸ் ஓகே" என்று சொன்னால், மற்ற நாட்டவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, நமக்கு ஆட்சேபணை இல்லை என்று முடிவு செய்கிறார். இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. "கழுவி வச்சிடுறீங்களா?" என்று கேட்கும்போது அந்த "இடு"வும் "ங்க"வும் கேள்வித் தொனியும் சேர்ந்து பேச்சை எவ்வளவோ மென்மையாக்குகின்றன, பதற்றத்தில் ஆங்கிலம் பேசும்போது நம் வாயில் முதலில் வருவதோ "வாஷ் யுவர் பிளேட்ஸ்" என்ற வெறும் ஏவல். நாம் கேட்டது வேண்டுகோள், அவர் காதில் விழுந்தது அதட்டல். ஆகவே பேசப் போகுமுன் மூன்று வாக்கியங்களை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்: நான் கண்டது என்ன, அதனால் எனக்கு என்ன இடைஞ்சல், இனி எப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். "நீ எப்போதுமே இப்படித்தான்" என்ற வாக்கியம் அந்தத் தாளில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

பேசும் நேரமும் முக்கியம். அழுக்குப் பாத்திரத்தின் முன் நின்றுகொண்டோ, அவர் வகுப்புக்கு ஓடும்போது வாசலில் மறித்தோ தொடங்காதீர்கள். "இன்று மாலை இருபது நிமிடம் உட்கார முடியுமா, வீட்டு வேலை பற்றிப் பேச வேண்டும்" என்று முன்கூட்டியே கேட்டால், அவரும் தன் மனத்தாங்கலோடு வந்து உட்காருவார். அதுவும் வெளியே வர வேண்டியதுதான். குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். யாரைச் சொல்கிறது என்று தெரியாத சீட்டு குற்றமற்றவரைத்தான் முதலில் புண்படுத்தும்.

பேசி முடித்ததை எழுதிவையுங்கள். பல பல்கலைக்கழக விடுதிகளில் அறைத்தோழர் ஒப்பந்தம் என்று ஒரு படிவம் தருவார்கள். பெரும்பாலோர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதில் "சமையலறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதுவதால் பயனில்லை, ஏனென்றால் சண்டையே சுத்தம் என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருப்பதால்தான் வந்தது. "பயன்படுத்திய பாத்திரத்தை மறுநாள் காலை 8 மணிக்குள் கழுவ வேண்டும், ஊற வைப்பதானால் தொட்டிக்கு வெளியே வைக்க வேண்டும்" என்று எழுதினால், செய்தார்களா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கள் வாணலி வழக்கு இந்த இரண்டாவது விதியில்தான் தீர்ந்தது. விருந்தினர் மாதத்தில் எத்தனை இரவு தங்கலாம், அதற்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், எந்த மணிக்குப் பிறகு அழைப்புகளைக் காதொலிக் கருவியில் மட்டும் பேச வேண்டும் என்பவற்றையும் இதே பாணியில் எழுதலாம். கடைசி விதி நமக்குத்தான் அதிகம் பொருந்தும். நேர வேறுபாட்டால் வீட்டாரோடு நாம் பேச வசதிப்படும் நேரம், பல ஊர்களில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்கும் நேரமாக இருக்கிறது.

குளிர்நாடுகளில் வெப்பமூட்டியை எந்த அளவில் வைப்பது என்பது தனிப் போராட்டம். ஒருவருக்கு நடுக்கம், இன்னொருவருக்குக் கட்டணக் கவலை. இங்கே ஒரு பொது எண் உதவும்: குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரி செல்சியஸ் என்பதை, பொதுவான உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவாக, உலக சுகாதார அமைப்பு 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் குறிப்பிட்டது. அதற்குக் கீழே போவதில்லை என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால், மேலே எவ்வளவு என்பதை மட்டும் பேசினால் போதும். சன்னலை மூடிவைத்து அறைக்குள்ளேயே துணி உலர்த்துவதும் இதைப் போலத்தான்: சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்த பிறகு யார் காரணம் என்று தேடுவதில் பொருளில்லை. உட்புற ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால், சன்னலைத் திறக்கச் சொல்வது நீங்களாக இருக்காது, அந்தக் கருவியாக இருக்கும்.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: கட்டணம் யார் பெயரில் வருகிறது, மற்றவர்கள் எந்தத் தேதிக்குள் பங்கைத் தர வேண்டும் என்பது எழுத்தில் இருக்கட்டும், ரொக்கமாகத் தந்தால் அன்றே ஒரு செய்தி அனுப்பிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் இருவர் தமிழர், ஒருவர் வேறு மொழிக்காரர் என்றால் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். வீட்டு விவகாரத்தை அவர் முன்னால் தமிழில் பேசாதீர்கள். தன் பெயரும் ஒரு சிரிப்பும் மட்டும் புரிகிற உரையாடலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அதைத் தன்னைப் பற்றிய புறம்பேச்சு என்றுதான் எடுத்துக்கொள்வார். பல நேரங்களில் அவர் நினைப்பது சரியாகவும் இருக்கும்.

இரண்டு முறை பேசியும் மாற்றமில்லை என்றால் மூன்றாமவரிடம் போகத் தயங்க வேண்டாம். பல விடுதிகளில் தளத்துக்கு ஒரு மாணவப் பொறுப்பாளர் இருப்பார். இருவரையும் உட்காரவைத்துப் பேசச்செய்வது அவர் வேலைகளில் ஒன்று, அவரிடம் போவது காட்டிக்கொடுப்பதாகாது. எது எந்த நாளில் நடந்தது, எப்போது பேசினீர்கள் என்ற குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். தனியார் வீட்டில் நிலைமை வேறு. அங்கே வீட்டு உரிமையாளருக்கு உங்கள் பாத்திரச் சண்டையில் அக்கறை இருக்காது. எல்லாரும் ஒரே குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால், பல நாடுகளில் அது கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்பதாகக் கருதப்படும்: ஒருவர் வாடகை தராமல் போனால் முழுத் தொகையையும் மற்றவர்களிடம் கேட்கலாம், ஒருவர் உடைத்த கதவுக்கு எல்லாருடைய முன்பணத்திலிருந்தும் பிடிக்கலாம். குடியேறிய அன்றே ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சல் செய்து வைப்பது இதற்காகத்தான்.

திருட்டு, மிரட்டல், பாலியல் தொல்லை, கைநீட்டுதல், இனத்தையோ நிறத்தையோ சொல்லி இழிவுபடுத்துதல் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. அங்கே சமரசக் கூட்டம் வேண்டாம்; பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு, அன்றே விடுதி நிர்வாகத்திடமோ பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்திடமோ காவல்துறையிடமோ சொல்லுங்கள். புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால், அதை நம்புவதற்கு முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

அப்படி இல்லாமல், சாதாரணமாகவே ஒத்துப்போகாமல் வீடு மாறுவதானால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். சாவியைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்துவிடாது. உங்களுக்குப் பதிலாக ஓர் ஆளைக் கண்டுபிடித்து, வீட்டிலிருப்பவர்களின் சம்மதத்தையும் உரிமையாளரின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்று, பத்திரத்திலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே வெளியேறுங்கள்.