தனியாகப் பார்த்தால் வராத சிரிப்பு கூட்டத்தில் வருகிறது: நான் நடிக்கிறேனா?

மாடிப்படி (கேள்வி):
சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பழைய நகைச்சுவைக் காட்சியைப் பார்த்தோம். வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தும் கண்ணில் நீர் வழியும் அளவுக்குச் சிரித்தேன். ஊர் திரும்பிய பின் ஓர் இரவு அதே காட்சியைக் கைப்பேசியில் தனியாகப் பார்த்தேன். காட்சி அருமை என்று மனம் ஒப்புக்கொண்டதே தவிர, முகத்தில் ஓர் அசைவும் இல்லை. திரை அணைந்ததும் அதில் தெரிந்த முகம் வரி கட்ட வரிசையில் நிற்பவனுடையது போல இருந்தது. அப்படியானால் அக்கா வீட்டில் நான் சிரித்தது மற்றவர்களுக்காகப் போட்ட வேஷமா?

உப்பளம்:
வேஷம் இல்லை. சிரிப்பு இயல்பிலேயே கூட்டத்துக்குரியது. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ராபர்ட் புரொவைன் கடைத்தெருக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் மக்கள் இயல்பாகச் சிரித்த 1,200 தருணங்களைப் பதிவு செய்தார். அவற்றில் வேடிக்கை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்தவை 20 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவை ‘சரி, அப்புறம் பார்ப்போம்’ போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பின் வந்தவை. மாணவர்களைக் குறிப்பேடு எழுதச் செய்தபோது, தொலைக்காட்சி முதலியவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தனிமையைவிடப் பிறருடன் இருக்கையில் ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரித்திருந்தார்கள். உங்கள் கைப்பேசி இரவு விதிவிலக்கே அல்ல.

நெடுவழி:
இதைவிட எனக்குப் பிடித்தது 1979-இல் கிராட், ஜான்ஸ்டன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட பந்துருட்டுக் (பவுலிங்) கூட ஆய்வு. அந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு: பந்தை உருட்டுபவர் கட்டைகளைப் பார்த்தபடி நிற்பார், நண்பர்கள் அவருக்குப் பின்னால் இருப்பார்கள். கட்டைகள் அத்தனையும் சரிந்த அந்தக் கணத்தில், மகிழ்ச்சி உச்சத்தில் இருக்க வேண்டிய அந்த முகத்தில், புன்னகை அரிதாகவே தென்பட்டது. அவர் நண்பர்கள் பக்கம் திரும்பிய பிறகே அது மலர்ந்தது. அதாவது, மகிழ்ச்சி உள்ளே பொங்கி முகத்தில் வழிகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது பாதி உண்மைதான். புன்னகைக்குப் பெற்றுக்கொள்ள ஆள் வேண்டும்.

கடைசி பெஞ்சு:
நீங்கள் இருவரும் சற்று வேகமாகப் போகிறீர்கள். நான் பேருந்தில் தனியாக உட்கார்ந்து பழைய நினைவொன்றில் சிரித்து, பக்கத்து இருக்கைக்காரரைச் சங்கடப்படுத்தியவன். என்னுடைய சிரிப்பை யார் பெற்றுக்கொண்டார்?

நெடுவழி:
நியாயமான கேள்வி. உளவியலாளர் ஆலன் ஃபிரிட்லண்ட் 1991-இல் இதைத்தான் சோதித்தார். இனிமையான ஒரு காணொளியைச் சிலர் தனியாகப் பார்த்தார்கள்; சிலரிடம், உடன் வந்த நண்பர் அடுத்த அறையில் வேறு வேலை செய்வதாகச் சொல்லப்பட்டது; வேறு சிலரிடம், நண்பர் அங்கே இதே காணொளியைப் பார்ப்பதாகச் சொல்லப்பட்டது; மற்றவர்கள் நண்பருடன் சேர்ந்தே பார்த்தார்கள். நண்பரின் பங்கு கூடக் கூடப் புன்னகையும் கூடியது, ஆனால் அவர்களே சொன்ன மகிழ்ச்சியின் அளவு அதற்கேற்ப மாறவில்லை. சுவருக்கு அப்பால் நண்பர் பார்க்கிறார் என்ற எண்ணமே அவர் அருகில் இருப்பதற்கு ஏறக்குறைய நிகராக வேலை செய்தது. உங்கள் பேருந்து நினைவிலும் யாரோ இருந்திருப்பார்கள்.

கடைசி பெஞ்சு:
இருந்தார்கள்தான். ஆனால் ‘தனியாகச் சிரித்தாலும் மனத்தில் ஒருவர் இருந்தார்’ என்று எதற்கும் சொல்லிவிடலாம் என்றால், அந்தக் கொள்கையைப் பொய்யென்று காட்ட வழியே இல்லாமல் போய்விடுமே! என் ஐயம் அங்கேதான் நிற்கிறது.

உப்பளம்:
அந்த ஐயத்தை நானும் ஏற்கிறேன். கேட்டவரின் ‘வேஷம்’ என்ற சொல்லுக்கு மட்டும் இன்னொன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-லேயே, உதட்டோரத்தை எவரும் இழுத்துக்கொள்ளலாம், கண்ணைச் சுற்றிய தசை மட்டும் மெய்யான மகிழ்ச்சிக்கே அசையும் என்று எழுதினார். பலரால் அதையும் வேண்டுமென்றே அசைக்க முடிகிறது என்று பிற்காலச் சோதனைகள் காட்டிவிட்டதால், முகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பார் குழுவினர் வேறு வழியில் போனார்கள். நகைச்சுவைக் காட்சி பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்களால் அதன் பின் முன்னைவிட அதிக வலியைத் தாங்க முடிந்தது. உடலில் வலியைத் தணிக்கும் எண்டோர்ஃபின் என்ற வேதிப்பொருள் சுரப்பதே காரணமாகலாம் என்று அவர்கள் கருதினார்கள். பிறர் இருந்ததால் வந்த சிரிப்பு என்பதற்காக அது பொய்ச் சிரிப்பாகிவிடாது. நம் தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கு காரணங்களையும் பாருங்கள், ஆளே இல்லாத இடத்தில் எள்ளலுக்கு என்ன வேலை? (அது இலக்கியத்துக்கு எழுதிய இலக்கணம், உளவியல் அன்று என்பது எனக்கும் தெரியும்.)

மாடிப்படி:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவிடம் ஒன்பது மணிக்கு அதே காட்சியை அவர் வீட்டில் போடச் சொல்லிவிட்டு, நான் இங்கே போட்டேன். தொலைபேசி அழைப்பு எதுவும் கிடையாது, செய்தி அனுப்பக் கூடாது என்றும் பேசிக்கொண்டோம். வாளி உருளும் இடம் வருவதற்கு முன்பே எனக்கு உதடு பிரிந்துவிட்டது. காட்சி முடிந்ததும் அக்கா அழைத்து, தனக்குத் தூக்கம் வந்துவிட்டதால் போடவே இல்லை என்றார்.